துப்பாக்கிக்கும் வில்லங்கம் பார்க்கணும்

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுவது.

நீ செல்போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மைசூர்க்காரர் ஒருவர் விற்கிற ரெட்டைக்குழல் துப்பாக்கி. முன்பணம் போட்டால் பார்சலில் அனுப்பிவிடுவாராம். மக்காச்சோளத்தில் பன்றி விழுந்து நீ படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு ரூபாய்கூட அனுப்பிவிடாதே.

நம்ம கரிசலில் அரை ஏக்கர் வாங்கினாலும் வில்லங்கம் போட்டு, மூலப்பத்திரம் பார்த்துத்தானே அட்வான்ஸ் கொடுக்கிறோம்? துப்பாக்கியில் அந்த வரிசை இன்னும் கறார். முதலில் வாங்குகிறவன் கையில் லைசென்ஸ் இருக்கணும்; பேரம் அதற்கப்புறம்தான். 1959ஆம் வருட ஆயுதச் சட்டம், தனியாள் தனியாளுக்கு விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால் விற்கிறவர் அவருடைய மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ, இன்னாருக்கு விற்கப்போகிறேன் என்று வாங்குகிறவன் பெயர், விலாசத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். லைசென்ஸ் இல்லாத உன் பெயரை அவர் எந்தத் தைரியத்தில் எழுதுவார்? எழுதாமலே அனுப்புகிறேன் என்றால், அநேகமாக உன் பணத்தோடு காணாமல் போகிற ஆள். பெட்டி நிஜமாகவே வந்து சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 வருசத்துக்குக் குறையாத ஜெயில். 5 வரை போகலாம்.

குடகில் லைசென்ஸே வேண்டாமாமே என்று கேட்டிருந்தாய். குடகர்களுக்கு மத்திய அரசு விலக்குக் கொடுத்திருப்பது உண்மை. 2029 வரை நீட்டியிருக்கிறது. அந்த விலக்கு ஆளுக்கு உண்டானது. துப்பாக்கியோடு சேர்ந்து கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வராது. நம்ம சீமைக் கதை வேறு. பாஞ்சாலங்குறிச்சி விழுந்த கையோடு, 1801 டிசம்பரிலேயே ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லி கும்பெனிக்காரன் உத்தரவு போட்ட மண் இது.

சரி, முறைப்படி எப்படி? உனக்கு 21 முடிந்துவிட்டது, அதனால் வயதுத் தடை இல்லை. மனுவை தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்குப் போடு. போலீஸ் விசாரித்து அறிக்கை அனுப்பும். ‘எதற்கு’ என்ற கேள்வியில்தான் உன் ரெட்டைக்குழல் மாட்டிக்கொள்ளும். பயிர்க் காவலுக்கு என்றால் சட்டம் முதலில் சொல்வது குழல் வாயில் மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி ஒப்புக்கொண்டால் மட்டுமே வேறு வகை. ஆக, எந்த வகைக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்றே தெரியாமல் நீ விலை பேசிக்கொண்டிருக்கிறாய்.

கிடைத்த லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டோடு நின்றால், கர்நாடகத்தில் போய்த் தூக்கிவர அது காணாது. அதற்கான அனுமதியை முதலில் கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கு. பார்சல் பேச்சே கூடாது. நேரில் போ. கழுகுமலை மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்போமே, அதுமாதிரி துப்பாக்கியில் பொறித்த நம்பரையும் அவர் லைசென்ஸில் உள்ள நம்பரையும் ஒத்துப் பார். அந்த நம்பர் அவர் லைசென்ஸிலிருந்து இறங்கி உன்னுடையதில் ஏறும் வரை அது உன் துப்பாக்கி இல்லை.

நம்ம குடும்பத்தில் யாரிடமாவது இருந்திருந்தால் வழி கொஞ்சம் லேசு. 70 வயதானவரோ 25 வருசம் வைத்திருந்தவரோ வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016 விதிகளில் இடம் உண்டு. வாரிசுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது வேறு விசயம்.

இவ்வளவும் முடிந்து துப்பாக்கி வந்தாலும் பன்றியைச் சுட முடியாது, மாப்ள. லைசென்ஸ் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான்; பன்றியோ வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைச் சுட 2025இல் தமிழ்நாடு அரசு வழி செய்தபோதும், சுடுகிற வேலையை வனத்துறையிடம்தான் விட்டது. பயிர்ச் சேதத்துக்கு வி.ஏ.ஓ.விடமும் வனத்துறையிடமும் இப்போதே மனு கொடுத்து வை.

அதுவரை பன்றியைத் தடுக்க, அக்காவிடம் பழைய சேலை நாலைந்து எடுத்து வைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வடக்கு வரப்பிலிருந்து கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

உன் மாமா