மாத்திரைப் பெட்டியில் இல்லாத இரண்டு மாத்திரைகள்

கேள்வி: எனக்கு 56 வயது. கணவர் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் மல்டிவைட்டமின், மீன் எண்ணெய் கேப்சூல், வைட்டமின் சி என்று டப்பா டப்பாவாகக் கொண்டுவருகிறான். எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி பவுடரையும் கணவர் வாரம் தவறாமல் பாலில் கலந்து குடிக்கிறார். சென்ற ஆண்டு திருமணமான மகள், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வாங்குகிறாள். வீட்டில் மீன், முட்டை, கீரை எல்லாம் சமைக்கிறோம். அதற்கு மேல் இவையெல்லாம் வேண்டுமா, பணம் வீணாகிறதா?
– ஒரு வாசகி, அண்ணாமலை நகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பவற்றில் பெரும்பாலானவை வேண்டாம். ஆனால் எனக்குப் பெரிய கவலை அதுவல்ல. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு அவசியமாக இருக்கக்கூடிய இரண்டு மாத்திரைகள் அந்தப் பெட்டியில் இல்லை. இரண்டும் விலை குறைந்தவை.

முதலாவது உங்கள் கணவருக்கு. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நிறுத்தக் கூடாது. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, உணவில் உள்ள பி12 சத்தைக் குடல் உறிஞ்சுவது குறைந்துவிடுகிறது. மீனும் முட்டையும் சாப்பிட்டும் பற்றாக்குறை வருவது இதனால்தான். கால் மரத்துப்போகும், பாதம் எரியும், ஊசி குத்துவதுபோல இருக்கும், நடை தடுமாறும், மறதி கூடும். இவை வந்தால் “சர்க்கரை இருந்தால் அப்படித்தான்” என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடுகிறோம். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பும் பி12 குறைவால் வருவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பின்னதை மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரிசெய்யலாம்; நாள் கடந்தால் நரம்பு முழுதாக மீளாது. ஆகவே ஊகத்தில் மாத்திரை வாங்காமல் பி12 அளவை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது உங்கள் மகளுக்கு. குழந்தைப் பேற்றை அவர் எதிர்பார்க்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது ஃபோலிக் அமிலம். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், சோதித்து, டாக்டரிடம் போவதற்குள் அந்த நாட்கள் பெரும்பாலும் கடந்திருக்கும். அதனால்தான் கருத்தரிக்க முயலும் காலத்திலிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறோம். முன்பு இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்களிடம் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வந்தது: ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களிடம் அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. சத்து மாத்திரைகளில் இவ்வளவு தெளிவான பலன் காட்டியவை மிகச் சில. ஏற்கெனவே அப்படிப் பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுத்தாலோ அளவு கூடும். அதை டாக்டர் சொல்ல வேண்டும்.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் வாங்குவதைவிட ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, தைராய்டு மூன்றையும் பார்ப்பது மேல். 2019–21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பயோட்டின் குறைபாடோ மிக அபூர்வம். அதிக அளவு பயோட்டின் சில தைராய்டு பரிசோதனைகளையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையையும்கூடத் தவறாகக் காட்டவைக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது பயோட்டின் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

வைட்டமின் என்பது இல்லாதபோதுதான் தன் பலத்தைக் காட்டும். இதை ஆராய்ந்த இடம் நம் மாநிலத்திலேயே இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில், 1918இல் மருத்துவர் ராபர்ட் மக்காரிசன், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தீட்டிய அரிசியே பிரதானமாக, பால் குறைவாக இருந்த சென்னை மாகாணச் சாப்பாட்டில் வளர்ந்த எலிகளே எல்லாவற்றிலும் மெலிந்து இருந்தன. நம் புழுங்கல் அரிசிக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போகாது.

குறை உள்ளவருக்குக் கொடுத்தால் உயிர் காக்கும் அதே சத்து, குறை இல்லாதவருக்கு என்ன செய்யும்? அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 14,641 ஆண் மருத்துவர்களுக்குச் சுமார் 11 ஆண்டுகள் மல்டிவைட்டமினோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. புற்றுநோய் 8 சதவீதம் குறைந்தது. சிறு பலன்தான், அதையும் மறைக்க வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனை வேறு கதை. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. “சாப்பிட்டால் நல்லது, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை” என்ற பேச்சை நான் ஏற்காததற்கு 1994இல் வந்த அந்த முடிவு ஒன்றே போதும்.

மீன் எண்ணெயைப் பற்றி உங்கள் ஊர்க்காரரிடம் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் மத்தி மீனில் ஒமேகா-3, புரதம், பி12 எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. பிரிட்டனில் 15,480 சர்க்கரை நோயாளிகளுக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை என்று 2018இல் தெரிந்தது. வாரம் இரண்டு நாள் மத்திக் குழம்பு வையுங்கள். வைட்டமின் சிக்கு ஒரு கொய்யாப்பழம் போதும். ஆயிரம் மில்லிகிராம் மாத்திரையின் மிச்சம் பெரும்பாலும் சிறுநீரில் போகிறது. ஆண்களுக்கு அது சிறுநீரகக் கல்லுக்கும் வழி செய்யலாம்.

இந்த வாரமே நிறுத்த வேண்டியது அந்த வைட்டமின் டி பவுடர். ஒரு பொட்டலத்தில் 60,000 யூனிட். ஒரு நாளைக்குத் தேவை 600. குறை உள்ளவருக்கு எட்டு வாரம்போல எழுதித் தருகிறோம். பலர் அதை விடாமல் தொடர்கிறார்கள். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் வரும், சிறுநீரகமும் கெடும். வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் மூன்றையும் பார்க்காமல் இனி ஒரு பொட்டலமும் பிரிக்க வேண்டாம்.

டப்பாக்களைத் தூக்கி எறிவதற்குமுன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரிலேயே இருக்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கணவரை அழைத்துப் போங்கள். பி12 பரிசோதனையை நீங்களே கேளுங்கள். மகள் குழந்தைப் பேற்றை எதிர்பார்த்தால் இன்றே ஃபோலிக் அமிலம் தொடங்கச் சொல்லுங்கள். ரத்தசோகை இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதை டீ, காபியோடு மட்டும் விழுங்க வேண்டாம்.