வாடிய தக்காளியிலுள்ள பற்றீரியாவை இனங்காணல்

பச்சையாக நின்ற தக்காளிச் செடி, இலை மஞ்சளாகாமலே திடீரென வாடுமாயின், கமக்காரர் பலர் அதனை நீர்க்குறைவென்றோ பங்கசு நோயென்றோ கருதுவர். பங்கசுநாசினிக்குப் பணம் செலவாகும், செடியோ பிழைக்காது. காரணம் பற்றீரியாவாயின் அம்மருந்தாற் பயனில்லை. ஆகவே மருந்து வாங்குமுன் நோய்க்காரணியை அறிதல் வேண்டும்.

தோட்டத்திற் செய்யும் சோதனை

வாடிய செடியின் அடித்தண்டில் 2 அங்குலத் துண்டொன்றை வெட்டி, வெட்டுமுகம் தெளிந்த நீரிற் படுமாறு கண்ணாடிக் குவளையிற் தொங்கவிடுக. சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழைகள் கீழிறங்குமாயின் பற்றீரியா வாடலென ஐயுறலாம். பங்கசு வாடலில் இவ்விழைகள் தோன்றா.

ஆய்வுகூடச் சோதனைகள்

1. பிரித்தெடுத்தல்: தண்டிற் கசியும் நீர்மம், தெத்திராசோலியம் சேர்ந்த ஏகர் ஊடகத்திற் கீறப்பட்டு, 28–30 பாகை செல்சியசில் 48 மணி நேரம் வைக்கப்படும். கெல்மன் என்பார் 1954 இல் வெளியிட்ட இம்முறையில், வாடற் பற்றீரியாவின் திரள்கள் ஒழுங்கற்ற விளிம்புடன், வழுவழுப்பாய், வெண்மையாய், நடுவில் இளஞ்சிவப்பாய்த் தோன்றும். வீரியமிழந்தவை சிறியனவாய், வட்டமாய், கருஞ்சிவப்பாயிருக்கும்.

2. கிராம் சாயமிடல்: பளிங்கு ஊதா, அயடீன், அற்ககோல், சபிரனின் என்பன முறையே இடப்படும். நுணுக்குக்காட்டியிற் செந்நிறக் கோல்கள் தெரியின் அது கிராம் எதிரானது.

3. காரச் சோதனை: 3 சதவீதப் பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலில் திரளைக் கலக்கிக் குச்சியை உயர்த்த, கிராம் எதிரானது பசைபோல் நூலாக நீளும். இது முன்னைய முடிவை உறுதிசெய்யும்.

4. நொதியச் சோதனைகள்: ஒட்சிடேசுத் தாளில் ஊதா நிறமும், ஐதரசன் பேரொட்சைட்டிற் குமிழிகளும் தோன்றும்.

5. நோயுண்டாக்குஞ் சோதனை: அழுகிய தண்டில் வேறு பற்றீரியாக்களும் குடிபுகுதலால், மேற்கூறியவை மட்டும் போதா. பிரித்தெடுத்ததை நலமான தக்காளி நாற்றுக்குச் செலுத்துக. நாற்று வாடி, அதிலிருந்து அதே பற்றீரியா மீண்டும் பெறப்படின் ஐயம் நீங்கும்.

இதன் பெயர் இரல்சுதோனியா சொலனேசியாரம். 1995 இல் இப்பெயர் இடப்பட்டது. பழைய நூல்களிற் சூடோமோனசு எனக் காணப்படும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்தில்லை. அதனை வேருடன் பிடுங்கி எரித்தல் வேண்டும். கருவிகளைக் கழுவுதல் வேண்டும். அந்நீரை வேறு பாத்திக்கு விடலாகாது. அந்நிலத்திற் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு என்பவற்றை நடாது, நெல் அல்லது சோளம் பயிரிடுக. ஐயமுள்ளோர், புதிதாக வாடிய செடியை வேருடன் காகிதத்திற் சுற்றி, தாமதமின்றி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தல் நன்று.