புகைப்பழக்கத்தை விட்டொழிக்க மருந்து கூடுமா?



ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் பெருகிவிட்ட இந்நாளில், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். பல ஊர்களிலிருந்தும் வந்து, நான்கைந்து பேராய் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கின்றனர். அவர்களில் ஒரு சகோதரர் கேட்டிருக்கும் கேள்வியே இந்த மாதப் பாடம். அவர் கேட்பது இதுதான்:

"நான் எட்டு ஆண்டுகளாக சிகரெட் பிடிக்கிறேன். ரமளானில் முப்பது நோன்பும் பிடித்தேன். பகல் முழுவதும் சிகரெட்டைத் தொடுவதில்லை. ஆனால் நோன்பு திறந்து தண்ணீர் குடித்த மறு நிமிடமே கை பாக்கெட்டைத் தேடுகிறது. இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளே தோற்றுவிட்டேன். மருத்துவர் நிக்கோட்டின் பேட்ச் ஒட்டச் சொல்கிறார். அறையில் இருக்கும் நண்பர்களோ, 'ஈமான் பலமா இருந்தா பேட்ச் எதுக்கு பாய்? மனசு வெச்சா விட்டுடலாம்' என்கிறார்கள். மருந்தின் துணையால் விடுவது ஈமானின் குறைவா? அந்த மருந்திலும் நிக்கோட்டின்தானே இருக்கிறது, அது கூடுமா? நோன்போடு அதை ஒட்டலாமா?"

கேட்டவர் ஒருவர், ஆனால் இந்தக் கேள்வி பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமலே கிடக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

மார்க்கத்தின் பார்வை

புகையிலை நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் இருந்ததில்லை. அது அமெரிக்காவிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுக்குப் பின் உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் முகலாய மன்னர் ஜஹாங்கீர் 1617-இல் அதைத் தடை செய்தார். துருக்கியில் சுல்தான் நான்காம் முராத் 1633-இல் தடை செய்தார். அக்காலத்து உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. ஆகுமானது என்றாரும் உண்டு. மக்ரூஹ் என்றாரும் உண்டு. ஹராம் என்றாரும் உண்டு. அதன் கேடு அன்று தெளிவாகத் தெரியாததும் அதற்கு ஒரு காரணம்.

இன்று அந்த ஐயத்திற்கு இடமில்லை. புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் 1950-இல் எடுத்துக் காட்டினர். பின்னர் பிரிட்டிஷ் மருத்துவர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதன் முடிவு 2004-இல் வெளிவந்தது. வாழ்நாளெல்லாம் புகைப்பவர், புகைக்காதவரைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக மரணிக்கிறார் என்பது அதன் சாரம். தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்ளலாகாது என்பது திருக்குர்ஆனின் கட்டளை. தமக்கோ பிறருக்கோ தீங்கிழைத்தல் கூடாது என்பது நபிமொழியின் கருத்து. ஆகவேதான் இக்காலத்து உலமாக்களில் பெரும்பாலோர் இதைக் கடுமையாக வெறுக்கத்தக்கது என்றோ ஹராம் என்றோ கூறுகின்றனர். பீடிக்கும் இதே தீர்ப்புதான்; அது இலேசானது என்று எண்ணுவது தவறு.

மன உறுதி இல்லையா?

சகோதரரே! உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னது? ஸஹர் முதல் மஃக்ரிப் வரை பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேலாக, முப்பது நாளும் நீங்கள் சிகரெட்டைத் தொடவில்லை. பல் கடித்துப் பொறுத்தீர்கள். அது உறுதி இல்லாதவர் செய்யும் காரியமா?

பின்னர் ஏன் தோற்றீர்கள்? இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, உங்கள் நிய்யத்து மஃக்ரிப் வரைக்கும்தான் இருந்தது. "இன்று மாலை பிடிக்கலாம்" என்ற நம்பிக்கையில் உடலும் மனமும் காத்திருந்தன. விட்டுவிடுவேன் என்ற நிய்யத்து வேறு. பொறுத்திருப்பேன் என்ற நிய்யத்து வேறு.

இரண்டாவது, இது வெறும் கெட்ட பழக்கம் மட்டுமன்று. உடலைப் பற்றிய நோயும் ஆகும். புகையை உள்ளிழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையைச் சென்றடைகிறது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறைந்ததும் மூளை மீண்டும் கேட்கிறது. கொடுக்காவிட்டால் எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் வருகின்றன. விட்ட முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் இவை உச்சத்தில் இருக்கும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். நீங்கள் தோற்றது மூன்றாம் நாள் என்கிறீர்கள். மலையின் உச்சியில் ஏறி நின்றுவிட்டு, இறங்கும் வழி தெரியாமல் திரும்பி வந்திருக்கிறீர்கள். அவ்வளவுதான்.

நீர்மூழ்கிக் கப்பல் தந்த பாடம்

நிக்கோட்டின் மருந்து பிறந்த கதை தொழிற்சாலைச் சகோதரர்களுக்கு நன்கு விளங்கும். ஸ்வீடன் நாட்டில் நீர்மூழ்கிக் கப்பலில் பணி செய்வோர் உள்ளே புகைக்க முடியாது. அப்போது அவர்கள் வாயில் அதக்கும் புகையிலைக்கு மாறிக்கொள்வதை லுண்ட் நகரத்து ஆய்வாளர்கள் கண்டனர். புகை இல்லாவிட்டாலும் நிக்கோட்டின் கிடைத்தால் தவிப்பு அடங்குகிறது என்பது புலப்பட்டது. 1967-இல் இச்செய்தி ஓவே ஃபெர்னோ என்னும் மருந்து ஆய்வாளருக்கு எட்டியது. அவர் தாமும் புகைப்பவரே. அவர் முயற்சியால் உருவான நிக்கோட்டின் சூயிங்கம் 1978-இல் ஸ்விட்சர்லாந்திலும், 1984-இல் அமெரிக்காவிலும் மருந்தாக ஏற்கப்பட்டது. தோலில் ஒட்டும் பேட்ச் அதன் பின் வந்தது.

நம் தொழிற்பேட்டையிலும் அதே நிலையைக் காணலாம். ஆலைக்குள் புகைக்கத் தடை என்பதால், சிலர் உதட்டுக்குள் பொட்டலப் புகையிலையை ஒதுக்கிக்கொள்கின்றனர். இது விடுதலை அன்று. ஒரு நெருப்பிலிருந்து இன்னொரு நெருப்புக்குத் தாவுவதாகும். அந்தப் புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். மருந்தாக வரும் நிக்கோட்டின் அப்படிப்பட்டதன்று. சிகரெட் புகையில் ஏழாயிரத்திற்கு மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் எழுபதளவு புற்றுநோயைத் தருபவை. பேட்ச்சில் அந்தப் புகையும் இல்லை, தாரும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. அளவறிந்த நிக்கோட்டின் மட்டும் மெதுவாக உடலில் சேர்கிறது. அதுவும் படிப்படியாகக் குறைந்து, இரண்டு மூன்று மாதங்களில் நின்றுவிடுகிறது. பெரிய தீங்கை நீக்கச் சிறியதைக் குறிப்பிட்ட காலத்திற்குப் பொறுத்துக்கொள்வது மார்க்கச் சட்டம் அறிந்த வழியே. ஆகவே விடுவதற்காக மருத்துவர் சொல்லும் இம்மருந்தைப் பயன்படுத்துவது கூடும்.

ஒட்டகத்தைக் கட்டுங்கள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டே தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோதும், செய்துகொள்ளுமாறே பணித்தார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவரிடம் ஈமான் குறைவு என்று நாம் சொல்வதில்லை. அப்படியிருக்க, இதற்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

கணக்கும் இதையே சொல்கிறது. எந்தத் துணையுமின்றி விட முயல்வோரில், ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்குப் பின்னும் விட்டவராகவே நிலைப்பவர் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். நிக்கோட்டின் மருந்து வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. பேட்ச்சையும் சூயிங்கத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடச் சிறந்தது. வாரெனிக்லின், புப்ரோபியான் என்னும் மாத்திரைகளும் உள்ளன; இவற்றை மருத்துவரின் சீட்டில்லாமல் உட்கொள்ளலாகாது. உலக சுகாதார நிறுவனம் நிக்கோட்டின் மருந்தை 2009-இலும், இவ்விரு மாத்திரைகளை 2021-இலும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் பட்டியலில் நிக்கோட்டின் மருந்து 2022-இல் இடம்பெற்றது.

ஆயினும் ஒன்று: மருந்து கயிறு மட்டுமே, கட்டுகிற கை நிய்யத்துதான். பேட்ச்சை ஒட்டிக்கொண்டு டீக்கடைக் கூட்டத்தில் போய் நிற்பவரை மருந்து காப்பாற்றாது. மன உறுதியும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

நோன்பும் மருந்தும்

நோன்போடு புகைத்தால் நோன்பு முறியும் என்பதை எல்லோரும் அறிவர். நிக்கோட்டின் சூயிங்கமும் அவ்வாறே. அதன் மருந்து உமிழ்நீரில் கரைந்து வயிற்றுக்குச் செல்வதால் நோன்பு முறியும். அதை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் மட்டுமே மெல்ல வேண்டும்.

பேட்ச் விஷயம் வேறு. உடலில் எண்ணெய் தேய்த்தால், அது தோலின் துவாரங்கள் வழியே ஊறினாலும் நோன்பு முறியாது என்பது ஹனஃபி, ஷாஃபியீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது கூட்டமும், தோலின் வழி ஊடுருவும் களிம்புகளும் மருந்துப் பட்டைகளும் நோன்பை முறிக்கா என்று தீர்மானித்தது. இதன் அடிப்படையில் பேட்ச் ஒட்டியபடி நோன்பு நோற்கலாம். மனதில் ஐயம் தோன்றினால் உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வாரெனிக்லின் போன்று காலை, மாலை இருவேளை உண்ணும் மாத்திரையானால், ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் உண்ணலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செய்யும் முறை

மது விலக்கப்பட்ட விதத்தில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. முதலில் அதன் கேடு உணர்த்தப்பட்டது. பின்னர் போதையோடு தொழுகையை நெருங்குவது தடுக்கப்பட்டது. இறுதியில் முழுத் தடை வந்தது. அந்த நாளில் சஹாபாக்கள் நாளைக்கென்று ஒரு குவளையும் மிச்சம் வைக்கவில்லை. மதீனாவின் வீதிகளில் மது ஓடியது. படிப்படியாக ஆயத்தம், ஆனால் விடும் நாள் ஒன்றே. அதையே நாமும் பின்பற்றுவோம்.

1. இரண்டு வாரத்திற்குள் ஒரு நாளைக் குறியுங்கள். இரவு ஷிப்டு உள்ள வாரம் வேண்டாம். விடுமுறையை ஒட்டிய நாள் நல்லது. ஜும்ஆ நாளானால் இன்னும் நல்லது.

2. அதற்கு முன்பே மருத்துவரைக் காணுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் தங்கள் மருந்தகத்தில் கேட்கலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் புகையிலையை விடுவிக்கும் சிகிச்சைப் பிரிவு உண்டு. 1800-112-356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். சிகரெட் பாக்கெட்டின் மீதே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கிறது. இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடக் கூடாது.

3. சூயிங்கத்தை மிட்டாய் போல் மெல்லாதீர்கள். காரம் தெரியும் வரை மென்று, கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்லுங்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் முன்னும், வாயில் இருக்கும்போதும் டீ, காப்பி குடிக்கலாகாது. குடித்தால் மருந்து சரியாகச் சேராது.

4. ஆசை எழும்பும் ஒவ்வொரு முறையும் அது சில நிமிடங்களே நிற்கும். அப்போது ஒளூச் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள், இடத்தை விட்டு நகருங்கள்.

5. தவறி ஒன்று பிடித்துவிட்டால், "எல்லாம் போயிற்று" என்று பாக்கெட் வாங்காதீர்கள். தவ்பாவின் கதவு ஒரு முறை திறந்து மூடுவதன்று. அன்றே மீண்டும் தொடங்குங்கள்.

மின் சிகரெட்டை மாற்றாக எண்ண வேண்டாம். நம் நாட்டில் 2019-இல் அது சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டது.

வீட்டார் கவனத்திற்கு

தாய்மார்களே, சகோதரிகளே! விடுகின்ற மனிதர் முதல் இரு வாரம் சிடுசிடுப்பார். சாப்பாட்டில் குறை சொல்வார். அதைப் பொறுத்துக்கொள்வது அவருக்கு நீங்கள் செய்யும் மருத்துவம். "உங்களால் முடியாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் புகையாகப் போகும் வீட்டில் ஆண்டுக்கு 36,500 ரூபாய் கரைகிறது. அந்தப் பணத்தைத் தனி உண்டியலில் அன்றாடம் போட்டு வைத்து, மாதக் கடைசியில் அவர் முன் எண்ணிக் காட்டுங்கள். வீட்டுக்குள் புகைப்பவரின் புகையைக் குழந்தைகளும் சுவாசிக்கின்றனர் என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். பூண்டு, வெங்காய வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்றால், புகை வாடையோடு ஸஃப்பில் நிற்பதை என்னென்பது?

அறை நண்பர்களுக்கும் ஒரு சொல்: ஒருவர் விட முயலும்போது அவரைப் பரிகசிப்பது நட்பன்று. அந்த அறையில் புகைக்காதிருப்பதே நீங்கள் செய்யும் உதவி.

கேள்வி கேட்ட சகோதரரே! அதே ஐம்பதாண்டு ஆய்வு ஒரு நற்செய்தியும் சொல்கிறது. அறுபது வயதில் விட்டவருக்கு மூன்று ஆண்டுகள், ஐம்பதில் விட்டவருக்கு ஆறு, நாற்பதில் விட்டவருக்கு ஒன்பது ஆண்டுகள் என இழக்கவிருந்த ஆயுள் சராசரியாக மிஞ்சுகிறது. முப்பதில் விட்டவர் ஏறத்தாழ எல்லாவற்றையும் காத்துக்கொள்கிறார். ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது. அமானிதமாகத் தந்த உடலைப் பேணுவது நம் கையில் உள்ளது. தயங்காமல் பேட்ச்சை ஒட்டுங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஒட்டுங்கள். வரும் ரமளானில் மஃக்ரிப் பாங்கு சொல்லும்போது உங்கள் கை பேரீச்சம்பழத்தை மட்டுமே தேடட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல தவ்ஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.