டிராக்குக்கு எந்த வருட ஆர்15?

பட்டாபிராமிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் தூரமே இல்லை. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலைக்கு இறங்கினால் மிச்சம் கொஞ்ச தூரம்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த, 3.717 கி.மீ. நீளமுள்ள, 12 வளைவுகள் கொண்ட டிராக் அது. அதற்கு முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. வேகத்துக்கென்று முறையான இடம் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, வெளிவட்டச் சாலையில் உயிரைப் பணயம் வைக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை. அதனால்தான் "அண்ணா, டிராக்குக்கு எந்த வருஷ ஆர்15 எடுக்கலாம்?" என்று யார் கேட்டாலும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்வேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் டிராக்குக்கென்றே இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார்கள். நம் பட்ஜெட்டில் அந்த இடத்தில் இருப்பது யமஹா ஆர்15தான். 2008 முதல் வந்துகொண்டிருப்பதால் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கும். பார்ட்ஸும் வேலை தெரிந்த மெக்கானிக்கும் சென்னையில் எங்கும் உண்டு.

புதுசு என்பதாலேயே வேகம் கூடிவிடாது

முதலில் இதை மனதில் வையுங்கள். மாடல் வருடம் மாறும்போது மாறுவது ஸ்டிக்கர் மட்டுமல்ல. புகை விதி, பிரேக் விதி, எடை, பவர் எல்லாம் சேர்ந்து மாறும். சில மாற்றம் டிராக்குக்கு லாபம், சில மாற்றம் நஷ்டம்.

2008இல் வந்த முதல் ஆர்15: 149.8 சிசி, 17 குதிரைத்திறன், 131 கிலோ. 2011இல் வந்த வி2: அதே 17 குதிரைத்திறன், ஆனால் 136 கிலோ. 2018இல் வந்த வி3: 155 சிசி, 19.3 குதிரைத்திறன், 137 கிலோ. 2019 ஜனவரியில் வி3க்கு இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் வந்தது, எடை 139 கிலோ. அதே ஆண்டு டிசம்பரில் பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்ற வி3 வந்தபோது பவர் 18.6க்கு இறங்கி, எடை 142 கிலோவுக்கு ஏறியது. 2021 செப்டம்பரில் வந்த வி4: 18.4 குதிரைத்திறன், 142 கிலோ.

இதை நூறு கிலோவுக்கு இவ்வளவு பவர் என்று வகுத்துப் பாருங்கள். 2018 வி3க்கு 14.1, 2019 ஏபிஎஸ் வண்டிக்கு 13.9, பிஎஸ்6 வி3க்கு 13.1 வரும். வி4க்கும் 2008இன் முதல் ஆர்15க்கும் கிட்டத்தட்ட ஒரே எண்தான், 13. வி2க்குத்தான் குறைவு, 12.5.

கார் பக்கமும் இதே கதைதான். 2000இல் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக் 106 குதிரைத்திறன். 2003 கடைசியில் அதன் இடத்துக்கு வந்த புது சிட்டி 77 குதிரைத்திறன். பந்தயக்காரர்கள் பல வருடம் பழைய விடெக்கையே தேடித்தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான்.

மாற்ற முடியாததைப் பார்த்து வாங்குங்கள்

டயர், பிரேக் பேட், ஸ்ப்ராக்கெட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட், ஃபைபர் ஃபேரிங் எல்லாம் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். இஞ்சின், ஃபிரேம், கிளட்ச், ஏபிஎஸ் ஆகியவற்றை மாற்றுவது வீண் செலவு. இவை எந்த வருடத்தில் நன்றாக வந்தன என்பதுதான் கேள்வி.

வி3இல் இஞ்சின் போர் 57 மி.மீ.யிலிருந்து 58 ஆனது, ஸ்ட்ரோக் மாறவில்லை. உண்மையான மாற்றம் விவிஏ. இன்டேக் வால்வுக்கு இரண்டு கேம் உண்டு. 7,400 ஆர்பிஎம்மில் சோலினாய்டு ஒரு பின்னைத் தள்ள, பெரிய கேம் வேலைக்கு வரும். பழைய இஞ்சினில் 8,500இலேயே உச்சப் பவர் வந்துவிடும், வி3இல் அது 10,000இல்தான் வருகிறது. இருங்காட்டுக்கோட்டையின் நீண்ட நேர்ப்பாதையில் இந்த வித்தியாசம் கை உணரும்.

அடுத்தது ஸ்லிப்பர் கிளட்ச். வளைவுக்கு முன்னால் படபடவென்று இரண்டு கியர் இறக்கினால், முதல் இரண்டு மாடல்களிலும் பின்சக்கரம் துள்ளும். வி3இலிருந்து அந்தத் துள்ளல் அடங்கிவிட்டது. கற்றுக்கொள்பவருக்கு இது பவரைவிடப் பெரிய உதவி. முன் டிஸ்க்கும் 267 மி.மீ.யிலிருந்து 282 ஆனது.

ஏபிஎஸ் பற்றி இரண்டு கருத்து உண்டு. இல்லாத 2018 வண்டி இரண்டு கிலோ குறைவு, வேலையும் எளிது. ஆனால் பிரேக் பிடிக்கும் இடத்தை வளைவை நோக்கி நகர்த்திப் பழகும் காலத்தில், வண்டி நேராக நிற்கும்போது முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ்தான். வண்டி சாய்ந்திருக்கும்போது அதை நம்பாதீர்கள், இந்த ஏபிஎஸ் சாய்மானம் அறியாது.

ஆகவே என் பதில்: 2019இல் தயாரான, ஏபிஎஸ் உள்ள பிஎஸ்4 வி3. முழுப் பவர், ஸ்லிப்பர் கிளட்ச், ஏபிஎஸ் மூன்றும் ஒன்றாக இருந்தது அந்த ஒரு வருடம்தான்.

வி4 கெட்ட வண்டி என்று சொல்லவில்லை. தலைகீழ் ஃபோர்க்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் அதில் உண்டு. ஆர்15எம் போன்ற சில வகைகளில் குயிக் ஷிஃப்டரும் வந்தது. 14.2 நியூட்டன் மீட்டர் டார்க் 7,500 ஆர்பிஎம்மிலேயே கிடைப்பதால், கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சின்ன டிராக்கில் வளைவை விட்டு வெளியே வர அது எளிது. பட்ஜெட் இருந்து, வாரண்டியும் வேண்டுமென்றால் தாராளமாக எடுங்கள். ஃபோர்க்குக்காக மட்டும் வி4 தேவையில்லை, வி3இல் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுங்குவதைக் கெட்டியான ஃபோர்க் ஆயிலும் ஸ்பிரிங்கும் போட்டுப் பெரும்பாலும் சரி செய்யலாம்.

பார்க்கப் போகும்போது

ஆர்சியில் பதிவு தேதியைப் பார்க்காதீர்கள், தயாரான மாதம் வருடம் பாருங்கள். 2018இல் தயாரான ஏபிஎஸ் இல்லாத வண்டி 2019இல் பதிவாகியிருக்கலாம். இரண்டு சக்கரத்திலும் சென்சார் வளையம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஸ்டியரிங் ஸ்டாப்பர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. ஸ்டியரிங் ஹெட் பக்கத்தில் ஃபிரேமில் புது பெயின்ட் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

நம் பகுதிக்கென்று ஒரு சோதனை உண்டு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஆவடி சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட்டைக் கழற்றி ஈசியூ கனெக்டரில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு இருக்கிறதா பாருங்கள். ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது 7,400 தாண்டியதும் மீட்டரில் விவிஏ என்று எரிய வேண்டும். பரிவாகன் தளத்தில் கடன், வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாங்கிய பிறகு

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிச் சாலையில் ஓட்டக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே லைட்டைக் கழற்றி ஃபைபர் போட்டுவிட்டால் வண்டி டிராக்குக்கு மட்டும்தான். குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

டிராக்குக்கு முன் ரேடியேட்டரில் கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட் தார் மேல் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். ஆயில் ட்ரெய்ன் போல்ட்டுக்குக் கம்பி கட்டுங்கள். கண்ணாடிகளைக் கழற்றுங்கள், லைட்டைக் கழற்றவில்லை என்றால் அதில் டேப் ஒட்டுங்கள். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன்பே வகுப்பு விதியைப் படியுங்கள். தேசிய சாம்பியன்ஷிப்பில் 165 சிசி ஸ்டாக் வகுப்பு இருந்திருக்கிறது, ஸ்டாக் என்றால் பல மாற்றங்களுக்கு அங்கே இடமில்லை.

பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். லெதர் சூட், நல்ல ஹெல்மெட், கிளவுஸ், பூட்ஸ், முதுகுக் காப்பு, பிறகு ஒரு பயிற்சி நாள். இதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் வண்டிக்கான பணம். அந்தப் பணத்தில் 2019 வண்டி கிடைக்காவிட்டால் வி2 எடுங்கள். அகலமான 130 பின் டயரும் அலுமினிய ஸ்விங் ஆர்மும் அதில் உண்டு, வளைவு கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். முதல் வருடம் இஞ்சினைத் தொடாதீர்கள். நல்ல டயரும் புது பிரேக் பேடும் போட்டு, ஒரே வண்டியில் ஒரே டிராக்கில் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். எந்த மாடல் வருடமும் தராத வேகம் அப்படி ஓட்டுகிறவருக்கு வரும்.