சீன மரபும் புதுப்பாணி வீடும்: எதற்கு இடம், எதற்கு இல்லை

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நான்கறை வீடு சுமார் 90 சதுர மீட்டர். தரைக்கும் கூரைக்கும் நடுவே ஏறக்குறைய 2.6 மீட்டர். பாட்டியின் பூசை மேடை, பேரனின் சோபா இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும். இங்குள்ள பல சீனக் குடும்பங்களில் வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு எழுந்தாலே இந்தச் சிக்கலும் எழும். சீன மருமகளோ மருமகனோ வந்த தமிழ் வீடுகளுக்கும் இது தெரிந்த கதைதான். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவுசெய்ய ஒரு கேள்வி போதும்: வீட்டார் இதைப் புழங்குகிறார்களா? புழங்கும் பொருளுக்கு முதலிடம் கொடுங்கள். அழகுப் பொருள் மிச்ச இடத்தில் இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

1. பூசை மேடையிலிருந்து தொடங்குங்கள். டிவிக்கும் சோபாவுக்கும் இடம் ஒதுக்கிவிட்டுச் சாமிக்கு இடம் தேடினால், கழிவறைச் சுவரோ உத்தரத்தின் அடியோதான் மிஞ்சும். இரண்டையும் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள். பல வீடுகளில் மேல்தட்டில் குவான் யின் அல்லது குவான் கோங் இருப்பார். பக்கத்தில் முன்னோர் பெயர்ப்பலகை. நிலத்தைக் காக்கும் தெய்வத்துக்குத் தரைமட்டத்தில் இடம். இது தெரியாத தச்சர் அலமாரியின் அடிப்பகுதி முழுவதையும் இழுப்பறைகளால் அடைத்துவிடுவார், முன்பே சொல்லிவையுங்கள். ஊதுபத்திக்கு மேலே கெட்டிக் கண்ணாடிப் பலகை ஒன்றைப் பொருத்தினால் கரி அதில் படியும், துடைத்துவிடலாம். கூரை கறுக்காது. மேடையை நகர்த்தச் சீனப் பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பார்கள். அந்தத் தேதியை முதலிலேயே கேட்டு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. வட்ட மேசைக்கு வழி வையுங்கள். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு ஒன்றுகூடல் விருந்துக்கு எட்டுப் பேர் வசதியாக உட்கார 1.5 மீட்டர் விட்டமுள்ள மேசை வேண்டும். அது ஆண்டு முழுவதும் கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அன்றாடத்துக்குச் சிறிய சதுர மேசை. விருந்தன்று அதன்மேல் வைக்க வட்டப் பலகை. மற்ற நாளில் பலகை அலமாரிக்குப் பின்னால் நிற்கும். பழைய வீடுகளில் இருந்த வழக்கம்தான் இது. நகர்த்த முடியாத கல்மேடையைக் கூடத்தின் நடுவில் கட்டிவிட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

3. தளவாடக் கூட்டம் வேண்டாம், நல்ல நாற்காலி ஒன்று வையுங்கள். மிங் காலத்து (1368–1644) லாட வடிவச் சாய்வு நாற்காலியில் வளைவும் மெலிவும்தான் அழகு. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் அதைப் பார்த்துத்தான் 1944இல் ‘சைனா சேர்’ வரைந்தார். 1949இல் வரைந்த ‘விஷ்போன்’ நாற்காலியும் அதே வழியில் வந்தது. இன்று புதுப்பாணி என்று விற்பவற்றில் சிலவற்றின் வேர் மிங் கூடத்தில் இருக்கும்போது, அந்த நாற்காலி வெறுஞ்சுவர் அருகே பொருந்தி நிற்பதில் வியப்பில்லை.

4. நிறத்தைக் குடும்பத்தின் வேரில் தேடுங்கள். சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனக்கான் குடும்பமென்றால் நோன்யா பீங்கானின் இளஞ்சிவப்பும் பச்சையும் இருக்கின்றன. பினாங்கின் சியோங் ஃபட் ட்ஸி மாளிகை அவுரி நீலத்துக்குப் பேர்போனது. அந்த அவுரி இந்தியாவிலிருந்து போனது, தமிழ் உறவுள்ள சீன வீட்டுக்கும் பொருந்தும். எந்த நிறமானாலும் ஒரே ஒரு சுவருக்குப் போதும்.

5. தேநீருக்கு மூலை ஒதுக்குங்கள். தியோச்சியூ வீடுகளில் சின்னஞ்சிறு கிண்ணங்களில் திரும்பத் திரும்ப ஊற்றிக் குடிப்பார்கள். தண்ணீர் வடியும் தட்டும், தண்ணீர் கொதிக்கவைக்கக் கையெட்டும் தூரத்தில் மின்செருகியும் வேண்டும். யிசிங் மண்கெண்டியைச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். அந்த மண் சோப்பின் வாசனையை இழுத்துக்கொள்ளும்.

செய்யக்கூடாதவை

1. எனாமல் படிக்கத்தில் பழம் அடுக்காதீர்கள். பூப்போட்ட பழம்பொருளாக விற்கப்படும் அது எச்சில் துப்பவும் இரவில் சிறுநீர் கழிக்கவும் புழங்கியது. மணமகளின் சீர்வரிசையிலும் வரும், பிள்ளைப்பேறு வேண்டி. விருந்தாளிப் பாட்டிகள் அந்த ஆரஞ்சைத் தொடமாட்டார்கள்.

2. அடுத்தவர் முன்னோரைச் சுவரில் மாட்டாதீர்கள். பதவி உடையில் நேர்முகமாக அமர்ந்திருப்பவரின் பழைய ஓவியம் ஒரு குடும்பம் கும்பிட்டது. சொந்தப் பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நல்ல சட்டம் போடுங்கள்.

3. படிக்கத் தெரியாத எழுத்தைத் தொங்கவிடாதீர்கள். கல்யாண வீட்டுக்குரியதும் உண்டு, சாவு வீட்டுக்குரியதும் உண்டு. தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

4. பழைய மரச்சாமான்களில் ஆணியும் பசையும் வேண்டாம். சட்டத்தின் பள்ளத்தில் பலகை ஒட்டாமல் நிற்பது குறையல்ல. ஈரத்தில் விரியவும் வறட்சியில் சுருங்கவும் விட்ட இடம் அது. ஒட்டினால் பிளக்கும். ஏசி காற்று நேரே படும் இடத்தில் வைத்தாலும் பிளக்கும். பதித்த முத்துச்சிப்பி கழன்று விழும்.

5. காகிதம் பார்க்காமல் மரம் வாங்காதீர்கள். ஹுவாங்குவாலி உள்ளிட்ட டால்பெர்ஜியா மரங்கள் 2017 முதல் அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் உள்ளன. எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதிச் சீட்டு தேவைப்படலாம்.

6. பழம்பீங்கானில் சோறு போடாதீர்கள். சில பழைய மெருகுகளில் ஈயம் உண்டு. புளிப்பு பட்டால் கசியும்.

7. சிவப்பு விளக்கு, பொன் டிராகன், மரச்சல்லடைத் தடுப்பு மூன்றையும் ஒரே கூடத்தில் சேர்க்காதீர்கள். வீடு சீன உணவகமாகிவிடும். சிவப்பு புத்தாண்டின் பதினைந்து நாளுக்கு வரட்டும். வந்துபோனால்தான் அதற்கு மதிப்பு.

8. பெரியவர்களைக் கேட்காமல் எதையும் எறியாதீர்கள், எதையும் கட்டாயமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டு பிறகு முடிவெடுங்கள். ‘இதை யார் துடைப்பது, தூக்கிப் போடு’ என்று பாட்டியே முதலில் சொல்வதும் உண்டு.