பதினாறு அங்குலப் பந்தும் ஒரு கணக்கு நோட்டும்

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. மிச்சிகன் என்ற ஏரியின் கரையில் அது இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைக்காதீர்கள். இந்தக் கரையில் நின்று பார்த்தால் அந்தக் கரை தெரியாது. கடல் போல அலை அடிக்கும்.

குளிர்காலத்தில் சிகாகோவில் பனி கொட்டும். வெளியே விளையாட முடியாது. மே மாதம் வந்த பிறகுதான் மைதானங்களில் கூட்டம் சேரும். பகலில் வேலை பார்த்தவர்கள் மாலையில் அங்கே வந்து விளையாடுவார்கள். ஆகஸ்டு முடியும்போது பெரும்பாலும் ஆட்டமும் முடிந்துவிடும். இந்தக் காலத்தை அவர்கள் சீசன் என்கிறார்கள். நாம் மாம்பழ சீசன் என்கிறோமே, அதுபோல.

அவர்கள் விளையாடும் விளையாட்டின் பெயர் சாஃப்ட்பால். மென்மையான பந்து என்று பொருள். இந்த விளையாட்டு பிறந்ததே சிகாகோவில்தான். அது பிறந்த கதை வேடிக்கையானது.

1887ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அன்று விடுமுறை நாள். ஒரு படகுச் சங்கத்தின் கட்டடத்தில் இளைஞர்கள் கூடியிருந்தார்கள். வேறோர் ஊரில் ஹார்வர்டு, யேல் என்ற இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே கால்பந்துப் போட்டி நடந்தது. அதன் முடிவு தந்தி மூலம் வரும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். யேல் வென்றது என்று செய்தி வந்தது. மகிழ்ச்சியில் ஒருவர் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைத் தூக்கி எறிந்தார். இன்னொருவர் கம்பால் அதைத் திருப்பி அடித்தார். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதைப் பார்த்தார். கையுறையைப் பந்து போலச் சுருட்டிக் கட்டினார். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். இரண்டு கட்சியாகப் பிரிந்து அங்கேயே ஆடினார்கள்.

முதலில் கட்டடத்துக்குள் ஆடினார்கள். பிறகு வெளியிலும் ஆடினார்கள். சாஃப்ட்பால் என்ற பெயர் 1926இல்தான் வந்தது. இன்று பல நாடுகளில் 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தால் ஆடுகிறார்கள். இந்தியாவிலும் ஆடுகிறார்கள். இந்திய சாஃப்ட்பால் சங்கம் 1961இல் தொடங்கியது. 1996இல் பெண்களின் சாஃப்ட்பால் ஒலிம்பிக் போட்டியிலும் இடம் பெற்றது.

ஆனால் சிகாகோக்காரர்கள் பழைய பெரிய பந்தை விடவில்லை. அதன் சுற்றளவு 16 அங்குலம். ஒரு நூலை எடுத்து 16 அங்குலம் அளந்து வட்டமாக வைத்துப் பாருங்கள். கிரிக்கெட் பந்தின் சுற்றளவு சுமார் 9 அங்குலம்தான். இந்தப் பெரிய பந்தை அவர்கள் வெறுங்கையால் பிடிக்கிறார்கள். கையுறை கிடையாது.

ஏன் கிடையாது? 1930களில் அமெரிக்காவில் பெரிய பஞ்சம் போன்ற நிலை. ஆலைகள் மூடிக் கிடந்தன. லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. ஆளுக்கு ஒரு கையுறை வாங்க யாரிடம் காசு இருந்தது? பெரிய பந்து என்றால் ஒரு பந்தும் ஒரு மட்டையும் போதும். பெரிய பந்து அதிக தூரம் போகாது. அதனால் சின்ன இடத்திலும் ஆடலாம். வேலை இல்லாதவர்கள் ஆடினார்கள். அவர்களின் பிள்ளைகளும் ஆடினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு காசு வந்தது. ஆனாலும் கையுறையை அவர்கள் ஏற்கவில்லை. 1977இல் சிகாகோவின் ஒரு பூங்காவில் கையுறை போட்டு ஆடலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். மைக் ராய்கோ என்ற புகழ்பெற்ற பத்திரிகை எழுத்தாளர் அதை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போனார். ஒரு கையுறைக்காக வழக்கா என்று நமக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு அது மானப் பிரச்சினை.

வெறுங்கையால் பிடிப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. விரல் அடிபடும். பல காலம் ஆடியவர்களின் விரல்கள் கோணலாக இருக்கும்.

ஆட்டத்தை இப்போது கொஞ்சம் தெரிந்துகொள்வோம். ஓர் அணியில் 10 பேர். மைதானத்தில் சதுரமாக நான்கு இடங்கள் குறித்திருப்பார்கள். அவற்றுக்குத் தளம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பந்து எறிபவர் கையைக் கீழிருந்து வீசி, பந்து மெதுவாக வளைந்து வரும்படி எறிவார். மட்டைக்காரர் அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடுவார். பிறகு இரண்டாம் தளம், மூன்றாம் தளம். கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்தால் அவுட். அவர் முதல் தளத்துக்குப் போகும் முன் பந்து அங்கே போய்விட்டாலும் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணி மட்டை பிடிக்கும். இரண்டு அணியும் ஒரு முறை ஆடினால் ஒரு சுற்று. மொத்தம் 7 சுற்று.

இதற்கெல்லாம் ஒரு கணக்கு நோட்டு உண்டு. இந்தப் பாடமே அந்த நோட்டைப் பற்றியதுதான்.

நோட்டில் வரிசையாக ஆட்டக்காரர்களின் பெயர் இருக்கும். பெயருக்கு எதிரே கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்குள் சின்னச் சதுரம் ஒன்று சாய்வாக இருக்கும். அதுதான் மைதானம். ஒருவர் முதல் தளத்துக்குப் போனால் சதுரத்தின் ஒரு பக்கத்தில் கோடு போடுவார்கள். சுற்றி வந்துவிட்டால் சதுரத்தைப் பென்சிலால் நிரப்பிவிடுவார்கள்.

ஆட்டக்காரர் நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பந்து எறிபவர் 1. மட்டைக்காரருக்குப் பின்னால் நிற்பவர் 2. முதல் தளத்தில் நிற்பவர் 3. இரண்டாம் தளத்தில் 4. மூன்றாம் தளத்தில் 5. இப்படியே 10 வரை போகும். நோட்டில் 5-3 என்று எழுதியிருந்தால் என்ன பொருள்? மூன்றாம் தளத்துக்காரர் பந்தை எடுத்தார், முதல் தளத்துக்கு எறிந்தார், மட்டைக்காரர் அவுட். இவ்வளவு செய்தியும் இரண்டே எண்களில் இருக்கிறது!

பேஸ்பால் ஆட்டத்துக்கு இப்படிக் கணக்கு எழுதுவதை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர். கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவர். அவருடைய முறையே சாஃப்ட்பாலுக்கும் வந்து சேர்ந்தது.

இனி ஓர் அணியைக் கற்பனை செய்துகொள்வோம். சிகாகோவில் இதுபோன்ற அணிகள் நிறைய உண்டு. பரிசுப் பணத்துக்காக ஆடுபவர்கள் அல்ல. ஒருவர் பேருந்து ஓட்டுநர். ஒருவர் தச்சர். ஒரு நர்ஸ் அம்மா. ஒரு பள்ளி ஆசிரியை. இப்படி மொத்தம் 14 பேர். நோட்டு எழுதுபவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முழங்கால் வலியால் ஆட்டத்தை விட்டவர். ஆனால் மைதானத்துக்கு வராமல் இருக்கமாட்டார்.

சீசன் முடிந்தது. செப்டம்பரில் ஒரு மாலை எல்லோரும் ஓர் உணவு விடுதியில் கூடினார்கள். இந்த ஆண்டு எப்படி ஆடினோம் என்று பேசத்தான் கூடினார்கள். மொத்தம் 12 ஆட்டம். 5இல் வெற்றி. 7இல் தோல்வி. 6 வெற்றி பெற்றிருந்தால் அடுத்த கட்டப் போட்டிக்குப் போயிருக்கலாம். ஒன்றில் தவறிவிட்டது.

எந்த ஒன்று? எல்லோருக்கும் நினைவில் இருந்தது கடைசி ஆட்டம்தான். 7ஆம் சுற்று. இரண்டு அணியும் 8 ரன். எதிரணியில் இரண்டு பேர் அவுட். மூன்றாம் தளத்தில் அவர்கள் ஆள் ஒருவர் நிற்கிறார். பந்து மேலே எழும்பி நேராக நம் ஓட்டுநரிடம் வந்தது. கையில் பட்டது. நழுவி விழுந்தது. எதிரணிக்காரர் ஓடி வந்துவிட்டார். 9-8. தோல்வி.

"அந்த ஒரு பந்து! என் மகன்கூடப் பிடித்திருப்பான்" என்றார் தச்சர்.

யாரும் பேசவில்லை. ஓட்டுநர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "அடுத்த வருஷம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வரவில்லை."

ஆறு ஆண்டுகளாக அவர் இந்த அணியில் ஆடுகிறார். வேலை, வீடு இரண்டையும் விட்டால் அவருக்கு இருந்த ஒரே இடம் இந்த அணிதான்.

தபால்காரர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். கடைசி ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து தச்சரிடம் நீட்டினார். "நான்காம் சுற்றைப் படி" என்றார்.

தச்சர் படித்தார். அங்கே 5-3 என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரியும் இருந்தது. "ஓட்டுநருக்கு விரல் வீங்கிவிட்டது. பனிக்கட்டி வைத்தோம். மாற்று ஆள் இல்லை."

அந்த 5-3 யார் எடுத்த அவுட் என்று உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும். வேகமாக வந்த பந்தை வெறுங்கையால் தடுத்து எறிந்தவர் ஓட்டுநர்தான். அன்று வந்திருந்தவர்கள் சரியாகப் பத்துப் பேர். அதனால் வீங்கிய விரலோடு அவர் கடைசி வரை நின்றார். நழுவிய பந்தை எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள். வீங்கிய விரலை மறந்துவிட்டார்கள்.

"இன்னொன்று" என்றார் நர்ஸ் அம்மா. "அவர் அந்தப் பந்தைப் பிடித்திருந்தாலும் நாம் ஜெயித்திருக்க மாட்டோம். 8-8, சமம்தான். மேலும் ஒரு சுற்று ஆட வேண்டியிருக்கும்."

தபால்காரர் ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டினார். இரண்டு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. மேலே தேதி. கீழே 0-7. அவ்வளவுதான். அந்த இரண்டு நாளும் 7 பேர்தான் வந்திருந்தார்கள். போதிய ஆள் வராவிட்டால் அந்த அணி தோற்றதாக எழுதிவிடுவார்கள். சுற்றுக்கு ஒரு ரன் என்று எதிரணிக்கு 7 ரன் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒரு நாள் எதிரணியாக வந்தது பட்டியலில் கடைசியில் இருந்த அணி. மே மாதம் அதே அணியை இவர்கள் வென்றிருந்தார்கள்.

வந்த 7 பேரின் பெயரைத் தபால்காரர் எழுதி வைத்திருந்தார். இரண்டு நாளும் ஓட்டுநர் பெயர் இருந்தது. இரண்டு நாளும் தச்சர் பெயர் இல்லை.

தச்சர் அதைத் தானே விரல் வைத்துத் தேடிப் பார்த்தார். "ஒரு நாள் வேலை முடிய நேரமாகிவிட்டது. இன்னொரு நாள்..." என்று நிறுத்தினார். பிறகு, "மறந்துவிட்டேன்" என்றார்.

தச்சரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. 14 பேரில் 7 பேர் வரவில்லை. அந்த ஏழு பேரும் அந்த மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆசிரியை ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஆடிய ஆட்டம் 10. ஓட்டுநர் 10 ஆட்டமும் ஆடினார். மட்டை பிடித்து அடிக்க முயன்றது 40 முறை. நன்றாக அடித்துத் தளத்துக்குப் போனது 16 முறை. 16ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 40. அதாவது நூற்றுக்கு 40. தச்சர் 7 ஆட்டம் ஆடினார். முயன்றது 28 முறை. தளத்துக்குப் போனது 7 முறை. நூற்றுக்கு 25.

"போதும், போதும். மானத்தை வாங்காதீர்கள்" என்றார் தச்சர். முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநரும் லேசாகச் சிரித்தார்.

பிறகு வேலைப் பேச்சு நடந்தது. ஆட்டத்துக்கு முதல் நாள் மாலை ஒருவர் எல்லோருக்கும் தொலைபேசியில் நினைவூட்ட வேண்டும். வர முடியாதவர் அப்போதே சொல்லிவிட வேண்டும். புதிதாக இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். தொலைபேசி வேலையை யார் செய்வது என்று கேள்வி வந்தது. தச்சர் கையைத் தூக்கினார்.

தபால்காரர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்த ஆண்டுக்கான பெயர்ப் பட்டியல் போட்டார். நோட்டு கை மாறிக் கை மாறி வந்தது. ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். ஓட்டுநரிடம் வந்தபோது அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மோதிர விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. பென்சிலை இரண்டு விரலால் பிடித்து எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. பெயருக்குப் பக்கத்தில் 5 என்றும் போட்டார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பக்கத்தில் 6-3 என்று எழுதியிருக்கிறது. 6 என்பவர் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பவர். அந்தப் பந்துக்கு என்ன நடந்தது? இரண்டு வரியில் எழுதுங்கள்.

நர்ஸ் அம்மா 32 முறை அடிக்க முயன்றார். 8 முறை தளத்துக்குப் போனார். நூற்றுக்கு எவ்வளவு?

உங்கள் ஊரில் கபடிக் குழுவோ, பஜனைக் குழுவோ, மகளிர் சங்கமோ இருக்கும். கடந்த மூன்று கூட்டங்களுக்கு யார் யார் வந்தார்கள் என்று முதலில் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு வருகைப் பதிவேட்டை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.