காதுகுத்துக்கு வந்துவிடு

எடப்பாடி

அன்புள்ள கண்ணுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு நீ வரவில்லையாமே, உன் அம்மா சொன்னாள். காரணம் அவள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியாதா? “இன்னும் விசேசம் ஒண்ணுமில்லையா?” என்று பந்தியில் நாலு பேர் கேட்பார்கள்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ படி. 2010இல் வந்தது. சங்ககிரி தாண்டினால் திருச்செங்கோடு. அந்தப் பக்கத்துக் கதைதான். காளிக்கும் பொன்னாவுக்கும் குழந்தையில்லை. ஊர்ப் பேச்சு தாங்காமல் காளி மாடு கட்டும் தொண்டுப்பட்டியே கதியென்று கிடக்கிறான். மாமனார் வீட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொள்கிறான். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத நல்லுப்பையன் சித்தப்பா ஒருவர் வருகிறார், ஊர் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

காளி ஊரிடமிருந்து ஒதுங்கியதுகூடப் பரவாயில்லை கண்ணு. தேர்நோம்பியின் பதினாலாம் நாள் ராத்திரி, குழந்தைக்காக முன்பின் தெரியாத ஆணோடு சேரப் பொன்னாவை அனுப்பலாம் என்று பெரியவர்கள் பேசுகிறார்கள். அவன் சொன்னால் போவதாக அவள் சொல்லிவிடுகிறாள். அது அவனைச் சுருக்கென்று தைக்கிறது. அதற்கப்புறம் அவளோடு மனசுவிட்டு அதைப் பேசித் தீர்க்கவே இல்லை. அந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் புகுந்தார்கள். காளிக்குச் சம்மதம் என்று பொன்னாவை நம்ப வைத்தார்கள். மச்சான் முத்து அன்றைக்கு ராத்திரி அவனைக் குடிக்கக் கூட்டிப்போய்விட்டான்.

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ நாவலில் தண்டபாணியும் இப்படித்தான். மனைவிக்கு வேறொருவரோடு உறவிருப்பது தெரிந்தும் ஜோசியம், வேதாந்தம் என்று பேச்சை வேறு பக்கம் திருப்பியே காலத்தை ஓட்டுகிறார். வெளியாருக்கு அந்தப் பேச்சு போதும். வீட்டுக்குள் அது சுவராகிவிட்டது.

அதனால் சொல்கிறேன். பந்தியில் கேட்பவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. “ஆகும்போது ஆகட்டும் அத்தை, பாப்பாவுக்குத் தோடு யார் எடுத்தது?” என்று கேள். தோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்கள் நிறுத்தமாட்டார்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் இப்படிப் பேச்சை மாற்றாதே. டாக்டர் சொன்னது, உன் பயம், அவர் பயம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலமே இரண்டு பேரும் வந்துவிடுங்கள். மாடி ரூமை ஒழித்து வைத்திருக்கிறேன். பந்தியில் உன் பக்கத்தில் நான் உட்காருகிறேன்.

உன் பெரியம்மா